இரண்டாவது வரி இல்லாத அட்டை

ஏரிக்கரை வீடு, வட மிச்சிகன்
9 டிசம்பர் 2014

அன்புள்ள எல்மா,

நீ அனுப்பிய ஏலக்காய் ரொட்டி வந்தது. பாதியை நாய்க்குப் போட்டிருப்பேன் என்று நினைத்துவிடாதே, முழுவதையும் நானே தின்றேன். பனி ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது.

இருமல் நிற்கவில்லை என்று எழுதியிருந்தேனே, டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டார். நுரையீரலில் கட்டி. வாரம் ஒருமுறை போய் மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பலாமாம். உடனே ஆரம்பித்தால் சில வருஷம் ஓட்டலாம் என்றார். சரி என்று அரசாங்கக் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இதுல ஒரு வரிதான் இருக்கு. ஆஸ்பத்திரியில படுத்தா இது செல்லும். டாக்டருக்கும் ஏத்துற மருந்துக்கும் ரெண்டாவது வரி வேணும். அதை வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே" என்றாள்.

நான் எங்கே எழுதிக் கொடுத்தேன்? உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? காகிதமெல்லாம் உன் இலாகா ஆயிற்றே.

அன்புடன்,
ரெய்னோ

13 டிசம்பர் 2014

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகஸ்டில் உனக்கு அறுபத்தைந்து ஆகிறது என்று மே மாதமே அட்டை வந்தது. மீன் கூடையோடு அதையும் நான் வேலை செய்யும் தபால் நிலையத்துக்குத் தூக்கிவந்தாய். வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். நான் கண்ணாடி போட்டுப் படிக்கவில்லை. "பின்னாடி டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிடுண்ணா. அரசாங்கக் காகிதத்தை வீட்டுல வச்சுக்கக் கூடாது" என்றேன். உறையை ஒட்டி முத்திரை குத்தியதும் நான்தான். அதற்குப் பதிலாக உனக்கு வந்ததுதான் இந்த ஒற்றை வரி அட்டை.

இன்று வேறொருவருக்கு வந்த அதே தாளை வாங்கிப் படித்தேன். இரண்டாவது வரி வேண்டாம் என்பவர்கள்தான் கையெழுத்துப் போட்டு அட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். வேண்டும் என்பவர்கள் சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்திருந்தால் போதும் அண்ணா! முப்பத்தோரு வருஷமாக ஊருக்கே படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வந்த காகிதத்தைத் திருப்பி அனுப்பாமல் இருக்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.

விசாரித்தேன். திருத்திக்கொள்ளும் கெடு நவம்பரோடு முடிந்துவிட்டது. இனி ஜனவரியில் மனுப் போட்டால் ஜூலை முதல் தேதியிலிருந்துதான் செல்லும். அரசு ஊழியர் யாராவது தப்பாகச் சொல்லியிருந்தால் மட்டும் உடனே சரிசெய்து தருவார்களாம். நீ போய், தபால் நிலையத்து எல்மா சொன்னாள் என்று சொல். நானும் அரசு ஊழியர்தானே? என் வேலை போனால் போகட்டும். அதுவும் நடக்காவிட்டால் என் வீட்டை விற்கிறேன்.

எதிர்த்துப் பேசாமல் சொன்னதைச் செய்.

உன் தங்கை,
எல்மா

15 ஜனவரி 2015

அன்புள்ள எல்மா,

தொண்ணூறு மைல் வண்டி ஓட்டிக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷன், காப்பி கொடுத்தார். "யார் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்" என்றேன்.

கத்தாதே. உன் வேலை போனால் உன் காப்பீடும் போகும். ஒரு குடும்பத்தில் ஒருத்தர் அட்டை இல்லாமல் அலைந்தால் போதாதா? வீட்டையும் விற்காதே, அப்புறம் நான் எங்கே வந்து ரொட்டி தின்பது?

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூலைக்கு இன்னும் ஐந்தரை மாதம். பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ரெய்னோ

ஆஸ்பத்திரி
20 மே 2015

எல்மா,

நீ மூன்று கடிதத்தில் திட்டியதையும் படித்தேன். இப்போது மூச்சு முட்டி இங்கே படுத்திருக்கிறேன். படுத்துவிட்டதால் முதல் வரி செல்கிறதாம், எல்லோரும் நன்றாகக் கவனிக்கிறார்கள். மருந்து ஏற்றலாமா என்று கேட்டேன். அதற்கெல்லாம் உடம்பு இனித் தாங்காது என்கிறார் டாக்டர்.

என் தபாலை உன் முகவரிக்கு மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா. வரும்போது அழாமல் வா.

அண்ணன்

1 ஜூலை 2015

அன்புள்ள அண்ணா,

உன்னை அடக்கம் செய்து பத்தொன்பது நாள் ஆகிறது. நாய் என்னிடம்தான் இருக்கிறது, நன்றாகத் தின்கிறது.

உன் புது அட்டை வந்திருக்கிறது. இரண்டு வரியும் இருக்கின்றன. இரண்டாவது வரிக்கு எதிரே இன்றைய தேதி. கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.

காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்து, அன்றைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். "நீங்க எங்க அலுவலகத்து ஆள் இல்லையேம்மா. அப்பவே சொல்லியிருந்தாலும் செல்லாது" என்றாள் போனை எடுத்த பெண். நீ பொய் சொல்லியிருக்காவிட்டாலும் ஒன்றும் மாறியிருக்காதாம். இதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை அண்ணா.

இறந்தவரின் அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னாள். சரி என்றேன். உறையில் போட்டேன், ஒட்டினேன், முகவரியும் எழுதினேன். முத்திரையைக் கையில் எடுத்தேன், குத்த முடியவில்லை. உறையைப் பிரித்து அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அரசாங்கக் காகிதம்தான். வீட்டிலேயே இருக்கட்டும்.

எல்மா