மருமகன் ஊர்த் தேயிலை

மடு மாதா துணை

டூட்டிங், லண்டன்
12.10.2006

அன்பு மகள் சுவர்ணாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நீயும் மருமகன் வெய்யும் வன்கூவரில் நலமாக இருக்க மன்றாடுகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு ஈரலில் வந்த நோய் வயிறு முழுக்கப் பரவிவிட்டது. இனி மருந்தால் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோறு, கஞ்சி ஒன்றும் இறங்குவதில்லை. உனக்கு அறிவிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். மாதா என்னை மன்னிக்கட்டும். உன் தொலைபேசி இலக்கமும் என்னிடம் இல்லை, பார்சலில் இருந்த விலாசம்தான் இருக்கிறது.

போன நத்தார்ப் பண்டிகைக்கு நீ அனுப்பிய, மருமகன் ஊர் ஊலோங் தேயிலையைப் பற்றி அம்மா மூச்சும் விடவில்லை என்று கோபித்திருப்பாய். நீ சீனப் பெடியன் வெய்யைக் கட்டின அன்று, அவளின்ர வீட்டுத் தண்ணிகூட என்ர தொண்டையில இறங்காது என்று அப்பா சொன்னாரே, அதற்குப் பயந்து அலுமாரியில் ஒளித்துவைத்தேன். போன மாதம் வழக்கமான தேத்தண்ணீரும் அவருக்குக் குமட்டத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் அதை எடுத்தேன். என் புத்தியைப் பார், பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சினேன். வாயில் வைக்க முடியவில்லை.

பிறகுதான் நீ உள்ளே எழுதி வைத்த துண்டைப் படித்தேன். கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டேன். முதல் தண்ணீரில் இலையைக் கழுவி ஊற்றினேன். அடுத்ததை அரை நிமிடத்தில் வடித்தேன். மணிமணியாகச் சுருண்டிருந்த இலை விரிந்ததும் அறை முழுக்கப் பூ வாசம். குடிக்கமுன் மணந்து பாருங்கள் என்று, நீ எழுதியதை என் சொல்லாகச் சொன்னேன். அப்பா கண்ணை மூடி, கோப்பையை மூக்கடியில் கனநேரம் வைத்திருந்தார். பிறகு சின்னச் சின்ன மிடறாக முழுவதையும் குடித்தார். எங்க வாங்கினனீர் என்று கேட்டார். சீனக் கடையில் என்று பொய் சொன்னேன். இப்போது அவருக்கு அதுதான் சாப்பாடு.

போன செவ்வாய் மருந்து எடுத்துவந்து பார்த்தால், நான் மேசையில் மறந்துவிட்ட உன் துண்டைக் கண்ணாடி போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறார். தேயிலைப் பெட்டியைத் தூக்கி எறியப்போகிறார் என்று நின்றேன். ஒரே இலையில அஞ்சு தரம் ஊத்தலாம் எண்டு பிள்ளை எழுதியிருக்கிறாள், நீர் ஏனப்பா ரெண்டோட எறியிறனீர் என்றார். நாலு வருடமாக உன் பேச்சையே எடுக்காதவர், பிள்ளை என்றார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

உன்னை வரச் சொல் என்று அவர் வாயால் சொல்லமாட்டார். அவருடைய பிடிவாதம் உனக்குத் தெரியாதா, உனக்கும் அதுதானே வாய்த்திருக்கிறது. கார்த்திகையைத் தாண்டுவது கடினம் என்று நேர்ஸ் சொல்கிறாள். பெட்டியும் முடியப்போகிறது.

இன்னொரு பெட்டியைத் தபாலில் அனுப்பிவிடாதே, பிள்ளை. நீங்கள் இருவரும் கையில் கொண்டு வாருங்கள். வெய் ஊற்றிக் கொடுத்தாலும் அப்பா வாங்கிக் குடிப்பார்.

மாதா உங்களை வேளைக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
றோஸ்மலர் பெனடிக்ற்