உன் அம்மா சங்கத் தலைவியான விதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் இடது முழங்காலையும் குளியலறைக் குழாயையும் தவிர எல்லோரும் சுகம். ஒன்று மடங்க மாட்டேன் என்கிறது, இன்னொன்று மூட மாட்டேன் என்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், நம்பாவிட்டால் மட்டும் இங்கிருந்து என்ன செய்துவிட முடியும். மூன்று வாரமாக அம்மா போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேன் கண்ணு" என்று வைத்துவிடுகிறாள் என்று என்னிடம் கோபித்துக்கொண்டாயே, மீட்டிங் உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. அவள் உன்னிடம் பேசப் பயப்படுகிறாள். ஏன் என்பதை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். காலை டியூட்டிக்குப் போயிருக்கிறாள், வர இரண்டு மணி ஆகும், அதற்குள் முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும்.

முதலில் சேதி. உன் அம்மா மண்டலச் செவிலியர் சங்கத்தின் தலைவி ஆகிவிட்டாள். கையில் டீ இருந்தால் கீழே வைத்துவிட்டு மேலே படி. சங்கத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று முப்பத்தொரு வருடம் சொல்லிக்கொண்டிருந்த அதே உன் அம்மாதான். சங்க உறுப்பினர் அட்டையை நான்காக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டக் கொடுத்தவள்தான். இப்போது உன் அறையில் சங்கத்துக் கோப்புகள் குடியேறிவிட்டன, உன் கட்டிலில் இடமாற்ற மனுக்கள் காலை நீட்டிப் படுத்திருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் எனக்கென்று ஒரு தட்டு அளவு இடம் விட்டிருக்கிறார்கள், அதுவும் தற்காலிக ஏற்பாடு என்று கேள்வி. முட்டை அவிக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு தரம் பாத்திரம் தீய்ந்தது, மூன்றாவது தரம் முட்டை மட்டும் தீய்ந்தது, முன்னேற்றம்தான்.

பழைய தலைவியை உனக்கு நினைவிருக்கும், மைக்கம்மா. நீ சின்னவளாக இருந்தபோது வீட்டுக்கு வந்தால் உன் கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைப்பாளே, அவள்தான். பயிற்சிக் காலத்தில் உன் அம்மாவும் அவளும் ஒரே அறை, ஒரே ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகியவர்கள். அவளைக் கிண்டல் செய்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். அந்தக் காலத்தில் வார்டில் செவிலியர் உட்காரக் கூடாது, எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். மைக்கம்மா இருபத்தேழு வயதில் ஒரு நாள் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலியைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு வந்து, வார்டு நடுவில் விரித்து உட்கார்ந்து குறிப்பு எழுத ஆரம்பித்தாள். கண்காணிப்பாளர் வந்து "யாரைக் கேட்டு உக்காந்தே" என்றாராம். "என் காலைக் கேட்டு" என்றாளாம். அடுத்த வாரம் அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு மடக்கு நாற்காலிகள், அடுத்த மாதம் நிர்வாகமே நாற்காலி போட்டது. அப்படிப்பட்டவளைத் தலைவி ஆக்காமல் யாரை ஆக்குவார்கள். ஆக்கினார்கள். அப்புறம் பதினெட்டு வருடம் அவள் எழுந்திருக்கவே இல்லை. கடைசிப் பதினான்கு வருடம் வார்டு வேலையே கிடையாது, சங்கப் பணி என்று விலக்கு. நாடி பிடித்த கை மைக்கைப் பிடித்தது, பிடித்ததை விடவில்லை. சக்கர நாற்காலி ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றே கால் மணி நேரம் பேசினாள், அதில் உட்கார வேண்டிய நோயாளி அதுவரை நின்றுகொண்டிருந்தார். அவளுக்குச் செயலாளர் ஜெராக்ஸ் அக்கா. தும்மினால்கூட மூன்று பிரதி எடுத்துக் கோப்பில் வைக்கிற ஆள், நல்ல மனுஷி, இப்போது வாரத்தில் நாலு நாள் நம் வீட்டில்தான் இருக்கிறாள்.

நடந்தது என்னவென்றால், உன் அம்மா வார்டில் ஒரு சின்னப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருடம், எல்லோரும் குருவி என்பார்கள். முப்பத்தெட்டு நோயாளிகளுக்கு அன்றைக்கு அவள் ஒருத்தி. இன்னொரு செவிலியர் வேண்டும் என்று உன் அம்மா மூன்று முறை எழுதிக் கொடுத்து மூன்றும் பதிலில்லாமல் போயிருந்தன. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே பெயர்க்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் மாத்திரை இன்னொருவருக்குப் போய்விட்டது. அவருக்குக் கொஞ்சம் தலை சுற்றியது, படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், மறுநாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். குருவி தானாகவே பதிவேட்டில் எழுதினாள், இன்ன மாத்திரை, இன்ன நேரம், என் தவறு என்று. நிர்வாகம் அதையே பிடித்துக்கொண்டு அவளைத் தற்காலிகமாக நீக்கி விசாரணை வைத்தது. விசாரணைக் குழுவில் சங்கத்தின் சார்பில் மைக்கம்மா. அவள் குருவியைக் கூப்பிட்டு, "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடும்மா, மீதியை அக்கா பாத்துக்கறேன்" என்றிருக்கிறாள். இவளும் எழுதிக் கொடுத்தாள். மன்னிப்புக் கடிதம் வாக்குமூலமாகி, வேலையை விட்டே எடுக்கலாம் என்று அறிக்கை தயாராகிவிட்டது, மைக்கம்மா கையெழுத்துதான் பாக்கி. நர்சிங் கவுன்சிலில் அவளுக்கு ஓர் இடம் வருவதாக இருந்தது, சிபாரிசு செய்ய வேண்டியவர் ஆஸ்பத்திரி இயக்குநர். அவள் பேனா மூடியைத் திறந்தாயிற்று என்று ஊரே சொல்லிக்கொண்டது.

குருவி நம் வீட்டுக்கு வந்தாள். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள், அழவில்லை. உன் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "சிஸ்டர், நான் எழுதாம விட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது இல்ல?" உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். குருவி போன பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. நான் கோபம் என்று நினைத்தேன். ஏதோ நான்தான் செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டு வைத்தேன், எதற்கு என்று கேட்டாள், தெரியவில்லை என்றேன்.

மூன்றாம் நாள், "ஏங்க, ஞாயித்துக்கிழமை சங்கத்துப் பொதுக்குழு. நான் பேசப்போறேன்" என்றாள். அவளுக்குக் கூட்டத்தில் பேச வராது என்பது உனக்குத் தெரியும், நம் வீட்டுக் கல்யாணத்தில் நன்றி சொல்லக் கூப்பிட்டபோது பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டவள். சமையலறையில் ஒத்திகை. நான் மைக்கம்மாவாக நடிக்க வேண்டும், கரண்டிதான் மைக். இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவளுக்கு ஓடவில்லை. "நீங்க மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க, எனக்கு எல்லாம் மறந்துபோகுது" என்று என்னைத்தான் திட்டினாள். இன்னொன்றும் அவளுக்கு நினைவில் இருந்தது. கண்காணிப்பாளர் பதவிக்கு அடுத்த மாதம் நேர்காணல், வரிசையில் முதல் பெயர் அவளுடையது, ஓய்வு பெற இரண்டே வருடம். வாயைத் திறந்தால் அது போய்விடும் என்று தெரிந்தேதான் போனாள்.

நானும் கூடப் போனேன், பேனர் தூக்க ஆள் வேண்டுமே. ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடிக் கூடம். லிஃப்ட் பழுது. முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவனை என் முழங்காலோடு படியேற வைத்தார்கள், அந்த அவமானத்தைத் தனிக் கடிதத்தில் எழுதுகிறேன். முன்னூறு பேருக்கு மேல் கூட்டம். தலைவியை மறுபடி ஒருமனதாகத் தேர்ந்தெடுப்பது ஏழாவது அலுவல் என்று ஜெராக்ஸ் அக்கா அச்சடித்தே கொடுத்துவிட்டாள். உன் அம்மா கையைத் தூக்கினாள். "கேள்வியெல்லாம் டீக்கு அப்புறம்" என்றாள் மைக்கம்மா மேடையிலிருந்து. உன் அம்மா எழுந்து நடுவழிக்கு வந்தாள். மைக் இல்லை. ஆனால் நீளமான வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. "போன ஆறு வாரத்துல ஒரு முழு வார்டைத் தனியாப் பாத்தவங்க எழுந்து நில்லுங்க" என்றாள். முதலில் நாலைந்து பேர். பிறகு வரிசை வரிசையாக. கடைசியில் உட்கார்ந்திருந்தது மேடையில் இருந்தவர்களும் நானும்தான்.

அதோடு விட்டிருக்கலாம், அதுவே போதும். அவள் விடவில்லை. நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "குருவி தப்பு செஞ்சா, எழுதினா. நானும் செஞ்சிருக்கேன். இருபத்து மூணு வருஷம் ஆச்சு. ஒரு பெரியவருக்குத் தூக்க மாத்திரையை ரெண்டு மடங்கா குடுத்துட்டேன். எழுதல. யார்கிட்டயும் சொல்லல. அதனாலதான் இன்னைக்கு எனக்கு நல்ல பேரு, அவளுக்கு விசாரணை." எனக்குக் காது சுட்டது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவர் ஒரு நாள் பூராவும் தூங்கி எழுந்து, இப்படியொரு தூக்கம் வாழ்நாளில் கண்டதில்லை தாயே என்று உன் அம்மாவைக் கும்பிட்டாராம். அந்த நன்றிதான் அவளை இத்தனை வருடமாகக் குத்திக்கொண்டிருந்தது.

மைக்கம்மா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். ஏதாவது சொல்லி உட்கார வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன், அதில் அவள் கைதேர்ந்தவள். அவள் மெதுவாக, "அன்னைக்கு டியூட்டில கூட இருந்தது நான்தான்" என்றாள். "எழுதாதடி, வேலை போயிடும்னு சொன்னதும் நான்தான். அவ எழுதத்தான் போனா." பிறகு, அறிக்கையில் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றும், தலைவிக்கு உன் அம்மா பெயரை முன்மொழிவதாகவும் சொன்னாள். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவளுக்குச் சிலையே வைத்திருப்போம். மேற்கொண்டு இருபத்தைந்து நிமிடம் பேசினாள். டீ ஆறிப்போயிற்று. ஜெராக்ஸ் அக்கா கைகளை எண்ணி, ஆதரவு இருநூற்றுப் பதினெட்டு, எதிர்ப்பு தொண்ணூற்றி நாலு என்று எழுதி மூன்று பிரதி எடுத்தாள். உன் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியதையும் ஆதரவுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

திரும்பி வரும்போது பேருந்தில் மெதுவாகக் கேட்டேன், எங்கிட்டக்கூட சொல்லலையே என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "உங்ககிட்ட சொன்னா பரவாயில்லன்னு சொல்லிடுவீங்க. அது எனக்கு வேணாம்னு இருந்துச்சு." உண்மைதான், சொல்லியிருப்பேன். நான் செய்த தவறெல்லாம் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று கத்தும், ஊருக்கே உடனே தெரிந்துவிடும். சத்தம் போடாத தவறை ஒருத்தி எப்படி வைத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை தூங்கினாள். நான் டிவியை ஊமையாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன ஓடியது என்று தெரியாது.

குருவி வேலைக்குத் திரும்பிவிட்டாள், ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு. வார்டில் இப்போது காலையில் இரண்டு பேர், மாலையில் இன்னும் ஒருத்திதான், உன் அம்மா நிர்வாகத்துக்கு எழுதிக்கொண்டே இருக்கிறாள். மைக்கம்மாவுக்குக் கவுன்சில் இடம் கிடைக்கவில்லை, விலக்கும் போய்விட்டது, பதினான்கு வருடம் கழித்துச் சீருடை போட்டு வெளிநோயாளிகள் பிரிவுக்கு வருகிறாள். முதல் நாள் இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைத் தலைகீழாகச் சுற்றினாளாம். காத்திருக்கிறவர்களுக்குச் சொற்பொழிவும் உண்டு, ஆனால் இப்போது கேட்கிறவர்களுக்குக் கையோடு நாடியும் பார்த்துவிடுகிறாள். கண்காணிப்பாளர் பதவி உன் அம்மாவுக்குப் பத்து வருடம் இளையவளுக்குப் போயிற்று. பழைய விஷயத்தை விசாரித்து உன் அம்மாவின் கோப்பில் ஒரு குறிப்பு வைத்துவிட்டார்கள். அவள் வார்டு சிஸ்டராகவே ஓய்வு பெறுவாள். நேர்காணலுக்கென்று தேய்த்து வைத்திருந்த சேலையை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

இத்தனைக்கும் அசராதவள் உன்னிடம்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். உன் வேலையே மருந்தின் அளவைச் சரிபார்த்து, தவறைப் பிடித்துத் திருப்பி அனுப்புவது. உன் படிப்பைச் சொல்லி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள், இப்போது அந்தப் படிப்புக்கு முன்னால் நிற்கக் கூசுகிறாள். நீ இரண்டாம் வகுப்பில் படித்த வருடம் அது நடந்தது. அன்றைக்கு அவள் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் வேலை பார்த்தவள். அதை அவள் சொல்ல மாட்டாள், நான் சொல்லிவிட்டேன்.

அதனால் கண்ணு, வருகிற ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடு. சங்கக் கூட்டம் எதுவும் வைக்கக் கூடாது என்று ஜெராக்ஸ் அக்காவிடம் சொல்லி மூன்று பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். என் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, நான் பல்லைக் காட்டி மாட்டிக்கொள்வது வேறு விஷயம். உனக்கு எல்லா நலமும் வரட்டும், உன் கைக்கு வரும் மருந்துச் சீட்டெல்லாம் தெளிவான கையெழுத்தில் வரட்டும். மறக்காமல் ஒன்று. அவள் சொல்லி முடித்ததும் அவசரப்பட்டுப் பரவாயில்லை என்று சொல்லிவிடாதே. கொஞ்சம் பேசாமல் இரு. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாய் என்று அவளுக்குப் புரிந்ததும் ஒரு நீண்ட மூச்சு விடுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் அடுத்த அறையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உன் நலம் கோரும்
அப்பா
(தலைவியின் கணவர், பேனர் தூக்குவோர் பிரிவு)