மாளவிகாவின் கையில் பொரி போடுவது யார்

சேலையூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாளவிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, உன் தம்பி பிரசன்னா மூவரும் சௌக்கியம். டப்ளின் குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா வாய்விட்டே வேண்டிக்கொள்கிறாள், சுவாமிக்குக் காது கேட்காதோ என்னவோ, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. தினமும் போனில் முகம் பார்த்துக்கொள்கிற காலத்தில் இந்த மனுஷர் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நீ நினைக்கலாம். போனில் சொன்னால் நான் பாதி சொல்லும்போதே நீ "பரவாயில்லப்பா, விடுங்க" என்று சொல்லிவிடுவாய். அந்த வார்த்தை இப்போது எனக்கு வேண்டாம், அதனால்தான் காகிதம்.

முதலில் வீட்டுச் சமாசாரம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கேம்ப் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஸ்கூட்டரில் போனால் சாப்பிட்டது தொண்டைக்கு வருகிறது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, தரையில் உட்காராதே என்று டாக்டர் சொன்னதை நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள். உன் கல்யாணத்துக்குச் சமையல்காரர் பேசி முடித்தாகிவிட்டது, அவர் ரசத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை, ஆகவே வீட்டில் சந்தேகம் இல்லை. ரவிக்கை அளவு அனுப்பச் சொல்லி அவள் உனக்கு எழுதியிருப்பாள், சீக்கிரம் அனுப்பு, தை மாதம் தூரத்தில் இல்லை. இதெல்லாம் எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. சொல்ல வந்ததைத் தள்ளிப்போட இன்னும் எதையாவது எழுதிக்கொண்டே போவேன், அதனால் இங்கேயே நிறுத்துகிறேன்.

நவராத்திரியில் உன் வருங்கால மாமனார் ஜெயகிருஷ்ணனும் மாமியாரும் ஊரப்பாக்கத்திலிருந்து நம் வீட்டுக் கொலுவுக்கு வந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பிரசன்னா அவர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, இது தசாவதாரம், இது செட்டியார் பொம்மை என்று காட்டிக்கொண்டிருந்தான். அவன் பேச்சு நமக்குப் புரிகிற அளவு மற்றவர்களுக்குப் புரியாது, இருந்தாலும் அவர் பொறுமையாகக் கேட்டார். சுண்டலைச் சாப்பிட்டபடியே, "பொரி போடற மச்சினனுக்கு வேஷ்டி எங்க செலவு சார், நாலு முழமா எட்டு முழமா?" என்று கேட்டார். கேட்டபோது அவர் கை பிரசன்னா தோளில் இருந்தது மாளவிகா. ஹோமத்தில் பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போடுவது கூடப் பிறந்தவன் பாத்தியதை, கூடப் பிறந்தவன் இல்லாவிட்டால்தான் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று தேடுவது. அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் நான், "எங்க அண்ணா பையன் ரகு போடுவான் சார், இவனுக்கு அதெல்லாம் சரிப்படாது" என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அவர், "உங்க சௌகரியம்" என்றார். தோளிலிருந்து கையை எடுத்தாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அம்மா உள்ளே போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

இதோடு போயிருந்தால் நானும் சௌகரியமாக மறந்திருப்பேன். பிரசன்னா பள்ளியில் மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் நடக்கிறது, அங்கே உன் அப்பாதான் பெரிய பேச்சாளர் என்பது உனக்குத் தெரியும். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து தூங்காதவர்களும், மாமியாருக்குப் பயந்து பிள்ளையை வாசலுக்கே கொண்டுவராதவர்களும் அங்கே வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்காருவார்கள். நான் எழுந்து, "கல்யாணம் கார்த்திகை எதையும் விடாதீங்க, முதல் வரிசையில் உட்கார வையுங்க, நாமே வீட்ல விட்டுட்டுப் போனா ஊர் எப்படிச் சேர்த்துக்கும்?" என்று முழங்குவேன். கைதட்டுவார்கள். நேற்றும் முழங்கினேன். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற காந்தா எழுந்து, "சார் பேச்சக் கேட்டுதான் நானு தீபாவ வண்டியில வச்சுத் தள்ளிகினு எங்க நாத்தனார் வூட்டு விசேசத்துக்கே போனேன், இன்னாத்துக்கு இட்டுகினு வந்தேன்னு ஒருத்தி கேட்டா, எம் பொண்ணு வராம நானு எதுக்கு வரணும்னு கேட்டுட்டேன்" என்றாள். சக்கர நாற்காலியில் தீபா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஜீவிதா டீச்சர், எல்லோருக்கும் ஒன்று காட்டப் போகிறோம் என்று பிரசன்னாவைக் கூப்பிட்டார். ஆயுத பூஜைக்குப் பள்ளியில் வாங்கிய பொரி ஒரு டப்பா நிறைய மேசைமேல் இருந்தது. பிரசன்னா தீபா முன்னால் நின்றான். அவள் இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து நீட்டினாள். அவன் அந்தக் கையை நன்றாகப் பார்த்து, "அக்கா" என்றான். அப்புறம் இரண்டு கையாலும் அள்ளி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாகப் போட்டான். கீழே ஒன்றும் சிந்தவில்லை. பூஜை முடிந்ததிலிருந்து தினமும் சாப்பாட்டு வேளை முடிந்ததும் அவனே டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறானாம், எதற்கு என்று கேட்டால் "அக்கா கல்யாணம்" என்கிறானாம். டீச்சர் எல்லோரையும் பார்த்து, வீட்டு விசேஷத்துக்குக் குழந்தையை எப்படித் தயார் பண்ணணும்கறதுக்கு பிரசன்னா அப்பாதான் நமக்கு உதாரணம் என்றார். காந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுரு பொரி போடறத நாங்க வந்து பாக்கலாமா சார்?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "கட்டாயம் வரணும், எல்லாரும் குடும்பத்தோட வாங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால், சிரித்துக்கொண்டு, பொய்.

வரும் வழியில் அவன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது என் முதுகில் தட்டி, "அப்பா, இன்னிக்கு கொட்டலை, பாத்தியா?" என்றான். பார்த்தேன்டா என்றேன். "அப்போ ரகு அண்ணா வேண்டாம்னு அந்த மாமாகிட்ட சொல்றியா?" என்றான்.

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான் மாளவிகா. நான் சொன்னது முழுவதும் அவனுக்குப் புரிந்திருக்கிறது. பொரி கொட்டிவிடும் என்றுதான் அப்பா வேண்டாம் என்றார் என நினைத்து, கொட்டாமல் போடப் பழகியிருக்கிறான். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், நான் வண்டியை எடுத்தேன். அவன் திரும்பக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஊருக்கு உபதேசம்" என்றாள், மீதியைச் சொல்லவில்லை. அப்புறம்தான் நீ வீடியோவில் அவனிடம், நீதான்டா எனக்குப் பொரி போடணும் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாய் என்பதையும் சொன்னாள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் அன்று என் வாய் சும்மா இருந்திருக்குமா என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொரி கொட்டும் என்று எனக்குப் பயமே இல்லை. கொட்டினால் என்ன, பெருக்கினால் போகிறது. மேடையில் அவன் நிற்பான், வீடியோக்காரன் கிட்டத்தில் வருவான், மண்டபத்துப் பெரிய திரையில் அவன் முகம் தெரியும், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்கள் ஒருவர் காதில் ஒருவர் கேட்பார்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பயந்தேன். பள்ளியில் என்னைப் பிரசன்னா அப்பா என்பார்கள், அங்கே மார்பை நிமிர்த்திக்கொள்வேன். சம்பந்தி வீட்டில் நான் மாளவிகா அப்பா மட்டும்தான் என்று இருக்க ஆசைப்பட்டேன். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்காருகிற காந்தா என் பேச்சை நம்பிப் போய் நாலு பேர் முன்னால் நின்றாள், பேசிய நான் நம் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மனிதர் முன்னால் நிற்கவில்லை. அவரும் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை, வேட்டி அளவுதான் கேட்டார்.

இன்று சாயங்காலம் பிரசன்னாவைக் கூட்டிக்கொண்டு ஊரப்பாக்கம் போகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அவனை வைத்துக்கொண்டு சொன்ன சொல்லை அவனை வைத்துக்கொண்டுதான் திரும்ப வாங்க வேண்டும். நாலு முழ வேட்டி போதும் சார், இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டிவிடுவோம் என்று சொல்லப்போகிறேன். பெரியப்பாவுக்கும் ரகுவுக்கும் நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். நீ என்னைக் கோபித்துக்கொள், ஆனால் அப்பா ஏதோ ஞாபகமில்லாமல் சொல்லிவிட்டார் என்று அவனிடம் எனக்காகப் பூசி மெழுகாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் மறைக்காமல் இருக்க வேண்டும் என்று அப்பா அம்மா ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பொரி போடுவதற்கு முன்னால் அவன் உன் கையைப் பார்த்து "அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவான், மருதாணிக் கையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பான். முகூர்த்தம் போகிறது என்று ஹோமம் பண்ணிவைக்கிற வாத்தியார் அவசரப்படுத்துவார், நீ கையை எடுத்துவிடாதே. கொஞ்சம் தாழ்த்திப் பிடி, அவன் உன்னைவிடக் குள்ளம். கொட்டினாலும் கொட்டட்டும்.

இப்படிக்கு,
மாளவிகா, பிரசன்னா இருவருக்கும் அப்பா,
சூர்யநாராயணன்