முறிந்த நோன்பு

ரமலான் பிறை பன்னிரண்டு, இரவு

உடம்பு இன்னும் மிதப்பது போலவே இருக்கிறது. இந்த வயதில் சர்க்கரை நோயோடு நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. விடியுமுன் சஹர் நேரத்தில் இரண்டு வாய் சோறு தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன்.

மதியம் எங்கள் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது வியர்த்துக் கொட்டியது. அடுக்கி வைத்த சேலைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து தண்ணீராக ஓடின. பயமே இல்லை. எப்போதோ மௌத்தாகி மண்ணுக்குள் போன அம்மா அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். போய்விடலாம் என்றே இருந்தது.

அப்போது யாரோ ஒருவர் என் வாயில் டம்ளரை வைத்தார். சர்க்கரைத் தண்ணீர்.

"நான் நோன்புங்க. நீங்க யாரு?" என்று அவர் கையைத் தட்டிவிட்டேனாம்.

"மும்தாஜ், உனக்கு சுகர் இறங்கிடுச்சு. அல்லா மன்னிப்பான், குடி."

பாதி என் மேல் சிந்தியது, பாதி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வற்றி, சேலைகள் மறுபடி அடுக்கில் இருந்தன. எதிரே என் வீட்டுக்காரர் காலி டம்ளரோடு நின்றார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் குறைத்தார்கள். இனி நோன்பு கூடாது என்றார்கள். வரும் வழியெல்லாம் அழுதேன். அவர் மாலையில் எனக்கும் சேர்த்து நோன்புக் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு, சும்மா கேட்பது போல, "இப்ப நான் யாருன்னு தெரியுதா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை என் வாயால் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னேன்.

கஞ்சியைக் கையில் வைத்தபடி, "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.