சும்மா பார்க்க வந்தவர்கள்

ஜூன் 8, 2024, சனி

பதினேழு பேர். போன மாதம் பத்தொன்பது. இந்தப் பதினேழில் பாஸ்டர் குடும்பம் நான்கு. கூப்பிட்டால் அவர்கள் எதற்கும் வருவார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் முதல் காட்சியிலேயே தூங்கிவிட்டார். மேடையில் நான் என் தம்பிக்காகப் பொய்ச்சாட்சி சொல்வதா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருக்கிறேன், அவருடைய குறட்டை எனக்குப் பக்கவாத்தியம். 'பொய் சொல்லாத வீடு' நான் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய நாடகம். அதைப் புரிந்துகொள்ளத் தங்கவயலில் ஆள் இல்லை என்றால் அது நாடகத்தின் குற்றமா?

தம்பியாக நடிக்கும் ரோனி இரண்டு இடத்தில் வசனத்தை விழுங்கினான். ஜிம்மில் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடம்பு ஏற்றிவிடுகிறவன். நாக்குக்கும் ஏதாவது பயிற்சி இருந்தால் செய்யலாம்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி விட்டதும் மன்றத்தின் கமிட்டிக் கூட்டம். எங்கள் ரீக்ரியேஷன் ஹாலை இப்போது வைத்திருக்கும் டிரஸ்டிலிருந்து சிவகுமார் வந்திருந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வருஷக் கடைசி வரைக்கும் பாக்கறோம் மேடம். காலி ஹால எத்தினி நாளு வச்சிக்கறது? டைல்ஸ் குடோனுக்குக் கேக்கறாங்க."

நாற்பது வருடமாக விடிவெள்ளி நாடக மன்றம் நடித்த மேடையில் டைல்ஸ். ஒரு வகையில் நல்லதுதான். டைல்ஸ் குறட்டை விடாது.

அவர் போனபிறகு எங்கள் செயலாளர் வால்டர் எழுந்தான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். நீங்கள் சாகப்போகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பிழைக்கிறவன்.

"டீச்சர், ஜனங்க நம்மகிட்ட வரலன்னா நாம ஜனங்ககிட்ட போவோம். ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட் மைதானத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம ஃப்ரீயா போடுவோம். புட்சிதுன்னா ஹாலுக்கு வருவாங்க."

ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பார்கள். மறுநாள் கடைக்குப் போய் பினாயில் கேட்பார்களா என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வால்டருக்குக் கை தூக்கினார்கள். எதிர்த்த கை ஒன்றே ஒன்று, என்னுடையது.

ஜூன் 19, புதன்

ஒத்திகை. என் இரண்டாம் காட்சி வசனத்தைப் பாதியாக வெட்டச் சொல்கிறான் வால்டர். வெளியில் அவ்வளவு நீளம் நிற்காதாம். வெட்டவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஒருபக்கம் தக்காளி லாரி, மறுபக்கம் பஜ்ஜிக் கடை. நடுவில் நாலு பெஞ்சை ஒட்டிப்போட்டு மேடை என்றார்கள். முந்நூறு பேருக்குக் குறையாது என்கிறான் வால்டர். அதில் பாதி பஜ்ஜிக்கு நின்றவர்கள்.

இரண்டாம் காட்சி. தம்பி வண்டி ஏற்றி ஒருவனைக் கொன்றுவிட்டான். நான் சாட்சிக் கூண்டுக்குப் போவதற்கு முன் தனியாக நின்று பேச வேண்டும். 'அந்தி வானமே' என்று ஆரம்பித்தேன். முன்னால் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை சத்தமாகக் கேட்டாள்:

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ யோசிக்கற? அவன் இன்னா உன்னக் கேட்டுகினா வண்டி ஓட்டனான்?"

மைதானமே கைதட்டியது. முப்பது வருடத்தில் என்னை யாரும் இடைமறித்ததில்லை. வானம், அந்தி எதுவும் வாயில் வரவில்லை. என்னை அறியாமல், "அவன் என் தம்பிம்மா" என்றேன்.

"தம்பின்னா? செத்தவனுக்கு அக்கா இல்லியா?"

பஜ்ஜிக் கடைக்காரன்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டான். பிறகு விட்ட இடத்திலிருந்து வசனத்தைப் பிடித்து முடித்தேன்.

மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவளாம். தாயம்மா என்று பெயர். என் நாடகத்தில் பேச அவளுக்கு யார் பாத்திரம் கொடுத்தது?

ஜூலை 1, திங்கள்

ஆசிரியர் அறையில் நேற்றைய நாடகம்தான் பேச்சு. என் நடிப்பைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. "அந்தக் கருவாட்டம்மா கேட்டது சூப்பர் மிஸ்!"

ஜூலை 7, ஞாயிறு

இரண்டாவது இலவசம். போன வாரத்தைவிடக் கூட்டம். அதே கிரேட், அதே தாயம்மா. அந்த இடம் வரும்போது மூச்சுவிடாமல் ஓடிக் கடந்துவிடப் பார்த்தேன். "மெதுவாப் பேசும்மா, ரயிலு புடிக்கவா போற?" என்றாள். இந்த ஊருக்கு இந்த ஊர்தான் சரி.

ஜூலை 13, சனி

ஹால். இருபத்தொரு பேர்.

முந்நூறு, நானூறு என்று ஊதினானே, மொத்தம் நான்கு பேர் கூடுதல்! நாடகம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "எங்கப்பா வால்டர் உன் ஜனங்க?" அவன் காலி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தான். எனக்கு உள்ளூர இனித்தது. எழுதிவைக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது?

முதல் காட்சியில் வாசல் பக்கம் கசமுசவென்று சத்தம். பக்க ஜன்னல் வழியாக வாட்ச்மேனுக்கு ஜாடை காட்டி அடக்கினேன்.

ஜூலை 16, செவ்வாய்

நெத்திலி வாங்கத்தான் போனேன். வேறு கடையும் இருக்கிறது, ஆனாலும் தாயம்மா கடைக்குத்தான் போனேன். ஓசி என்றால் முதல் ஆளாக உட்காருகிறாய், டிக்கெட் என்றால் காணோமே என்று கேட்டேன். கேட்கவேண்டும் என்றே போனேன்.

அவள் தராசைக் கீழே வைத்தாள்.

"வந்தோமே டீச்சரம்மா. கடைய அவசரமாக் கட்டிகினு ஆறே முக்காலுக்கெல்லாம் வந்துட்டோம். கதவு சாத்திக் கெடந்துச்சு. வாட்ச்மேன் கையெடுத்துக் கும்புடறான், டீச்சர் ஆர்டரு, மணி அடிச்சிட்டா ஆண்டவனே வந்தாலும் தெறக்கக் கூடாதுன்னு."

"எத்தன பேரு வந்தீங்க?"

"மார்க்கெட்டுலருந்து நாங்க முப்பது பேரு இருப்போம். அப்பால ரயில்ல எறங்கி வந்ததுங்க வேற. கொஞ்ச நேரம் நின்னோம். உள்ள உங்க கொரலு கேட்டுச்சு. உஸ்ஸுன்னான் வாட்ச்மேன். சரின்னு திரும்பிப் பூட்டோம்."

நெத்திலியை மடித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

அந்த விதி என்னுடையதுதான். ஆறரைக்கு மணி, மணிக்குப் பிறகு கதவு. தாமதமாக வருகிறவன் நாடகத்தை மதிக்காதவன். மதிக்காதவன் உள்ளே எதற்கு? இப்போதும் அது தப்பு என்று — தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

வால்டரிடம் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

செயலாளர் பதவியை விடப்போவதாக வால்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். என்னிடமும் வந்தான். "உங்க பேச்சக் கேட்டிருக்கணும் டீச்சர். ஜனங்கள நான் தப்பா நெனச்சிட்டேன்."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். "பரவால்லப்பா" என்றேன். பரவால்லயாம்! இதைவிட மட்டமான வசனத்தை நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

ஜூலை 20, சனி

என் சொந்தத் தம்பி இன்பராஜ் பெங்களூரில் வேலை முடித்து ரயில் இறங்கி வீட்டுக்கு வரும்போது ஏழே கால். சட்டையைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். ஆறுதலாக ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன்.

"அக்கா, உன் நாடகத்த ஹால்ல நான் பாத்து எத்தன வருஷம் ஆச்சு?"

யோசித்தேன். தெரியவில்லை.

"இருபத்திரெண்டு. பெங்களூருல வேலைக்குப் போனதுலருந்து பாக்கல. நீ கதவு சாத்தறப்ப நான் பங்காரப்பேட்டையக்கூடத் தாண்டிருக்க மாட்டேன். இந்த ஊர்ல பாதிப் பேரு அந்த ரயில்லதான் வர்றாங்க."

"சொல்லலாம் இல்ல?"

"உன்கிட்டயா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

ஜூலை 21, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் வால்டரைப் பிடித்தேன். ஒரே மூச்சில் சொன்னேன். எப்போது தெரியும் என்று அவன் கேட்டான். செவ்வாய்க்கிழமை என்றேன். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்தத் தயாராகத்தான் இருந்தேன். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"முப்பது பேரு வந்தாங்களா டீச்சர்?"

"அதுக்கும் மேல."

"வந்தாங்களா!" என்றான் மறுபடியும். கண் கலங்கிவிட்டது மடையனுக்கு. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனி ஏழே முக்காலுக்கு மணி, கதவு திறந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

எண்பத்தாறு. கடலைத் தோல், செல்போன், அழுத குழந்தைகள் மூன்று. இன்பராஜ் பை தோளில் தொங்கக் கடைசி வரிசையில் நின்றான். தாயம்மா ஹாலிலும் வாயை மூடவில்லை. நாலு சுவருக்குள் அவள் குரல் இன்னும் பெரிது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எட்டு மாதம் எழுதினேன். என் பாத்திரத்துக்கு அந்தி வானம் கொடுத்தேன், வக்கீலுக்குத் திருக்குறள் கொடுத்தேன். செத்தவனுக்கு ஒரு அக்கா இருப்பாள் என்று தோன்றவில்லை. தமிழாசிரியை!

இன்று அந்த அக்காவை எழுதினேன். இரண்டாம் காட்சியில் என் வாசலுக்கு வருகிறாள். அந்தி வானத்தை மொத்தமாக அடித்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

தாயம்மா நடிக்க ஒப்புக்கொண்டாள். வசனத் தாளைக் கொடுத்தேன். "படிக்கத் தெரியாதும்மா, சொல்லு கேட்டுக்கறேன்" என்றாள். சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னதில் என்னுடைய சொல் ஒன்றுகூட இல்லை. விஷயம் மட்டும் இருந்தது. திருத்தினேன், வேறு மாதிரி சொன்னாள். நான்காவது தடவை ரோனி சிரித்துத் தொலைத்தான்.

செப்டம்பர் 14, சனி

நூற்றெழுபது. சுவரோரம் நின்றவர்கள் தனி. மார்க்கெட் முழுக்க வந்துவிட்டது, தாயம்மாவைப் பார்க்க. என்னைப் பார்க்க யாரும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"உன் தம்பி ராத்திரி வூட்டுக்கு வருவான். எனக்கு?" என்று அவள் என் முகத்துக்கு நேரே கேட்டாள். தாளில் அப்படி இல்லை. நான் தலை குனிந்தது நடிப்பு இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

சிவகுமார் பள்ளிக்கே வந்தார், இனிப்போடு. சனிக்கிழமை ஹாலுக்கு வந்திருந்தாராம்.

"இவ்ளோ பேரு புடிக்கிற ஹாலுன்னு எங்களுக்கே தெரியல மேடம்! கல்யாணத்துக்கு விடலாம்னு டிரஸ்ட்ல முடிவு பண்ணிட்டாங்க. நவம்பர்லருந்து முகூர்த்தமெல்லாம் புக்கிங்."

காலியாக இருந்தால் டைல்ஸ். நிரம்பினால் கல்யாணம். இந்த மனிதனுக்கு மூளை என்று ஒன்று இருந்தால் அதையும் வாடகைக்கு விட்டிருப்பார். இனிப்பைப் பியூனிடம் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 5, சனி

அவசரக் கமிட்டி. எல்லாரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மனு கொடுப்போம் என்றார் ஒருவர். கோலாருக்குப் போய் பெரிய அதிகாரியைப் பார்ப்போம் என்றார் இன்னொருவர். வால்டர் இரண்டையும் செயலாளர் நோட்டில் எழுதிக்கொண்டான். கடைசியில் நான்தான், "ஆண்டர்சன்பேட்டை மைதானத்த எந்த மாப்பிள்ளையும் புக் பண்ணல" என்றேன்.

"ஃப்ரீயாவா டீச்சர்?" என்று ரோனி கேட்டான்.

"பின்ன? தக்காளி லாரிய சுத்திக் கயிறு கட்டி டிக்கெட் கிழிப்பியா?"

வால்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன். சிரிக்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

மைதானம். பாதியில் தூறல். யாரும் போகவில்லை. தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பிடித்தவர்களில் பாதிப்பேர் கை வலிக்கிறது என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். சகிக்க முடியாத சத்தம்.

நவம்பர் 20, புதன்

தாயம்மா இந்த ஞாயிற்றுக்கிழமை வர மாட்டாளாம். பேத்தமங்களாவில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. ஞாயிறு நாடகம் என்று ஆண்டர்சன்பேட்டை நாய்க்கும் தெரியும், இவளுக்கு இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. "நீங்களே எப்பிடியாச்சும் ஓட்டிக்கங்க டீச்சரம்மா" என்கிறாள், கருவாட்டை உதறிக்கொண்டே. நடிப்பவளுக்கு ஒழுங்கு வேண்டாமா என்று அங்கேயே நின்று கால் மணி நேரம் பேசினேன். கேட்டுக்கொண்டே இரண்டு பேருக்கு வியாபாரம் பார்த்தாள்.

அவளுக்குப் பதில் தனக்குச் சேலை கட்டிவிடலாம் என்கிறான் ரோனி. வால்டர் அதையும் யோசிக்கிறான். இவர்களோடெல்லாம் —

சாயங்காலம் மைதானத்துக்குப் போய் நாடகப் பலகையில் நவம்பர் 24 என்பதை அழித்து டிசம்பர் 1 என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை.