விடு என்றால் எதை விடுவது?

மாப்ள,

உன் ஜீப்பின் கதவைத் திறந்ததும் டீசலும் செம்மண்ணும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. நீ போய் நான்கு மாதம் ஆகியும் வாடை போகவில்லை, இதை ஓட்ட எனக்கிருக்கிற பயமும் போகவில்லை.

உன் மனைவி பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, ஞாயித்துக்கெழமையானா அந்த மலையடிக்கு ஓடிருவாரே, அங்க அப்படி என்னதான் இருக்குன்னு ஒருக்கா பாத்துட்டு வந்துருவோம்" என்றாள். தங்கச்சியிடம் எப்படி மாட்டேன் என்பது?

எழுமலை ஊரைத் தாண்டி, கண்மாய்க்கரை வழியாகப் போகிற அந்த மண்பாதை உனக்கு விளையாட்டு. "பால்வண்டி போற பாதைடா, இதுக்குப் போயி இம்புட்டுப் பயமா?" என்பாய். மக்காச்சோளக் காடும் மலையும் அழகு என்பாய். நான் எங்கே பார்த்தேன்? என் கண்ணெல்லாம் ஓடைக்கு இறங்குகிற சரிவிலேயே இருக்கும்.

முதல் தடவை என்னை ஓட்டவைத்தாயே, அன்று அந்தச் சரிவில் பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்கினேன். சக்கரம் வழுக்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொல்லி நீ "விடு, விடு!" என்று கத்தினாய். நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன். போலீஸிடம் மாட்டியவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி கருவேலம் புதருக்குள் போய் நின்றது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றும் அதே சரிவு. நீ செய்கிற மாதிரியே சின்னக் கம்பியை இழுத்து நான்கு சக்கரமும் சுற்றும்படி மாற்றி, முதல் கியரில் இறங்கினேன். பாதியில் மண் சரிந்து வண்டி ஒருபக்கமாக இழுத்தது. கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. உன்னைப் பறிகொடுத்தவளை நானே கவிழ்த்துவிடப் போகிறேனே என்று இன்னும் அழுத்தி மிதித்தேன்.

"விடுங்கண்ணே... பிரேக்க விடுங்க!" என்றாள் தங்கச்சி. அடுத்த மூச்சிலேயே, "ஸ்டியரிங்க விட்றாதீக! அவரு சொல்லிருக்காரு."

காலை எடுத்தேன். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்து மெதுவாக ஓடையில் இறக்கியது. அவள் இறங்கி நின்று மலையைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பி வந்து உன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் என் விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தன.

"அதான் வந்துட்டோம்லண்ணே, விடுங்க" என்றாள்.

நான் விடவில்லை, மாப்ள.