ரெண்டாளு கல்லறை

தவக்காலம், திங்கள். காலைலயே வெயில்.

கொரோனாவுல நின்னுபோன பாஸ்கா நாடகத்தை, ஆண்டவர் பாடுபட்டு உயிர்த்தெழுற கதைய, திரும்பப் போடுற வருசம். சூசை இல்லாத மொத வருசமும் இது தான். ஆலைக்குப் போற கரும்பு டிராக்டருங்க ரோட்டை அடைச்சிக்கினு நிக்குது. எனக்கு எழுதத் தெரியாது. போன்ல பேசுறேன், அதுவே எழுத்தாக்கிக்குது. எவனும் படிக்கிறதுக்கு இல்ல இது.

வாங்கணும்: சாக்கு, சுண்ணாம்பு, ஆணி, கயிறு.

சாயங்காலம் நாடகக் கமிட்டி. தலைவரு சேவியர். நான் தோள்ல தூக்கிக்கினு திரிஞ்ச பையன்.

"கல்லறை சீனு இந்த வாட்டி ஒராளுக்குப் போதும் தாத்தா. ரெண்டு பேரு உள்ள இன்னா பண்றீங்க?"

சிரிச்சானுங்க. பின்னாலருந்து ஒருத்தன், "செத்த சூசையத் தான் கேக்கணும்." இன்னும் ஜாஸ்தி சிரிப்பு.

நாப்பது வருசம் சூசையும் நானும் ஒரே வூடு. ஊருக்குத் தெரியாதா. தெரியும். அவன் உயிரோட இருந்தப்ப ஒருத்தனும் சிரிக்கல.

புதன். காத்தே இல்ல.

சாக்கு தெச்சேன். கல்லறைப் பாறைக்கு.

சூசை தான் ஆண்டவர் வேசம். நான் சீன் கட்டுறவன். கல்லறைக்குள்ள அவன் படுப்பான். பக்கத்துல நான் படுத்துக்கினு கயிறு இழுத்தா கல்லு உருளும். வெளிய காவல் நிக்கிற சேவகருங்க காமெடி பண்ணி முடிக்கிற வரைக்கும் உள்ள இருட்டு. என் கையை எடுத்து நெஞ்சு மேல வெச்சிக்குவான். மொத்த ஊரும் எதிர்ல குந்திக்கினு இருக்கும். நான் ஜெபம் பண்ணக் கத்துக்கினது அங்க. கோயில்ல, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நரகம்னு சொல்றதக் கேட்டுக்கினு தலையக் குனிஞ்சது தான்.

ஒரு வருசம் கயிறு அறுந்துச்சி. மகதலேனா மரியா வேசம் போட்டவன் கல்லைக் கையால தள்ளிட்டான். பாத்துட்டான். முக்காட்டை ரெண்டு கையால விரிச்சி வாசலை மறைச்சிக்கினு, அழுவுற பாட்டை மறுபடி மொதல்லருந்து பாடினான். நாங்க வெலகி எழுந்துக்கிற வரைக்கும். அப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

வெள்ளி. மோர் புளிச்சிப் போச்சி. சாப்புடல.

ரெண்டாளு அகலத்துலயே கட்டிட்டேன். சேவியர் டேப்பு வெச்சி அளந்தான்.

"அறுத்துடு தாத்தா."

"மாட்டேன். அப்பலருந்து இதே அகலம்."

"யாரு சொன்னா? அப்ப நடிச்சவங்க யாருன்னா ஒருத்தர் வந்து சொல்லட்டும். இல்லன்னா ஞாயித்துக்கெழம நானே அறுப்பேன்."

"ஆண்டவர் உள்ள தனியாத் தான் கெடந்தாருன்னு உனக்கு எவன் சொன்னான்டா?"

வண்டி எடுத்துக்கினு போய்ட்டான்.

அப்ப நடிச்சவங்க. பேதுரு, கொரோனாவுல செத்தான். யூதாஸ், டிராக்டர் கவுந்து. பிலாத்து, சக்கரை. மாதா, போன ஐப்பசி. ஆண்டவர், என் மடியில.

நாளைக்கு மொத பஸ், வெள்ளிமலை. அங்க தன் பொண்ணு வூட்டுல உயிரோட இருக்கான் மகதலேனா. லூர்துசாமி.